டி.இ.ஓ. பேனலில் பெயர் வரும்போல இருக்கிறது. போகலாமா, போனால் எப்படித் தயாராவது?

சுண்ணக்கட்டி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை நான், அதற்கு முன் கணக்குப் பட்டதாரி ஆசிரியை. மாவட்டக் கல்வி அலுவலர் (டி.இ.ஓ.) பதவி உயர்வுக்கான பேனலில், அதாவது தகுதிப் பட்டியலில், இந்த முறை என் பெயரும் வரும் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். வீட்டுக்காரர், "ரிடையர் ஆகிற வரைக்கும் இங்கேயே நிம்மதியாக இரு, இந்த வயசில் மாவட்டம் விட்டு மாவட்டம் எதுக்கு" என்கிறார். எனக்கு ஆசை இருக்கிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது.

விதிகளைப் பற்றி எனக்குப் பயமில்லை, துறைத் தேர்வெல்லாம் எழுதி முடித்தாயிற்று, மீதியைப் படித்துக்கொள்ளலாம். என் கவலை வேறு. இப்போது எட்டாம் வகுப்பில் யாருக்கு வகுத்தல் வரவில்லை, எந்த ஆசிரியர் வீட்டில் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், சத்துணவுக் கூடத்தில் இன்றைக்கு முட்டை சரியாக வெந்ததா, எல்லாம் எனக்குத் தெரியும், காலையில் ஒரு சுற்று நடந்தால் போதும். டி.இ.ஓ. ஆகிவிட்டால் எத்தனையோ பள்ளிகள், நடந்து பார்க்க முடியாது. எதை வைத்து முடிவெடுப்பது, பள்ளி விவரங்களை ஏற்றுகிற எமிஸ் இணையதளத்தின் திரையில் வருகிற பச்சையையும் சிவப்பையும் வைத்தா?

இன்னொன்றும் உறுத்துகிறது. நான் பார்த்த அதிகாரிகளில் பலர் அருமையான தலைமையாசிரியர்களாக இருந்தவர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நாளில் ஆளே மாறிவிடுகிறார்கள், மீளாய்வுக் கூட்டத்தில் நம்மை நிற்க வைத்துக் கேட்கிறார்கள். அப்படி மாறாமல் இருக்க, அல்லது மாறுவது நமக்கே தெரிய, ஏதாவது வழி இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஜீப்

அம்மா, ஓய்வுபெற்ற டி.இ.ஓ. எழுதுகிறேன். போங்கள், தாராளமாக. இப்படிக் கேட்கிறவர்கள் போகாமல் வேறு யார் போவது?

உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு பள்ளிக்குள் நுழைந்ததும் டி.இ.ஓ. முதலில் எதைக் கேட்கிறாரோ அது சாயந்திரத்துக்குள் எல்லாத் தலைமையாசிரியர்களின் வாட்ஸ்அப்புக்கும் போய்விடும். "இன்னிக்கு அங்க வந்தாங்க, கழிப்பறையைத் திறந்து பார்த்தாங்க" என்றால் மறுநாள் மாவட்டம் முழுக்கப் பினாயில் வாசம். பாடக்குறிப்பேடு கேட்டதாகத் தெரிந்தால் அன்றிரவு ஆசிரியர்கள் உட்கார்ந்து போன மாதத்துக்கும் சேர்த்து எழுதுவார்கள். "டென்த்ல எத்தனை பர்சன்ட்?" என்று ஆரம்பித்தீர்கள் என்று வையுங்கள், கொஞ்ச நாளில் ஒன்பதாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையனின் அப்பா தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கப்படுவார், "உங்க பையன் நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்று டி.சி. கைக்கு வந்துவிடும். நீங்கள் அப்படிச் செய்யச் சொல்லியிருக்க மாட்டீர்கள், நீங்கள் அனுப்பிய செயல்முறைகளில் (அலுவலக ஆணைகளில்) ஒரு வரி இருக்காது. ஆனால் அதைச் செய்யவைத்தது உங்கள் கேள்விதான். தேர்ச்சி விழுக்காடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) உங்களைக் கேட்பார், அவரை இயக்குநர் கேட்பார், தப்பிக்க முடியாது. அதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் ஜூனில் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர், போனவர்கள் எங்கே என்று முதலில் கேட்டுப்பாருங்கள்.

நான் வைத்திருந்த பழக்கம் ஒன்று சொல்கிறேன். ஆண்டாய்வுக்குப் போனால் பதிவேடுகளைத் தொடுவதற்கு முன் ஏதாவது ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவேன், அந்தப் பாடவேளை முடியும் வரை எழுந்திருக்க மாட்டேன். ஆசிரியருக்கு முதல் பத்து நிமிடம் கை நடுங்கும், அப்புறம் மறந்துவிடுவார். பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் நோட்டை வாங்கிப் புரட்டினால் திருத்தியது எந்தத் தேதியோடு நிற்கிறது, கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து வரைந்ததா, புரிந்து எழுதியதா, எல்லாம் அதிலேயே இருக்கும். ஆய்வறிக்கை ஆபீசுக்குப் போகும், அது வேறு. எனக்கென்று ஒரு நோட்டு இருந்தது, அதில் பள்ளியைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன். அங்கே நான் என்ன கேட்டேன், யார் பேச வந்தபோது குறுக்கே பேசினேன், எவ்வளவு நேரம் தலைமையாசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், இவ்வளவுதான். கொஞ்சம் பக்கம் சேர்ந்ததும் புரட்டிப் பார்த்தால் எந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போகவேயில்லை என்பது தெரிந்துவிடும். எல்லா மாவட்டத்திலும் அது ரோடு சரியில்லாத பக்கமாகத்தான் இருக்கும்.

காமராசர் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலுவைப் பற்றி இளைய அதிகாரிகள் தேடிப் படிக்க வேண்டும். அவர் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே பெஞ்சும் கடிகாரமும் கட்டடமும் கொடுத்தார்கள். இப்போது பள்ளி மேலாண்மைக் குழு என்று சட்டமே இருக்கிறது, கூட்டம் நடந்த போட்டோவை ஏற்றுவதோடு முடித்துக்கொள்கிறோம்.

தன்பதிவேடு

வணக்கம் மேடம். நான் டி.இ.ஓ. அலுவலகக் கண்காணிப்பாளர், அதாவது நீங்கள் வந்து உட்காரப் போகிற நாற்காலிக்கு வெளியே இருக்கிறவன். ஜீப் அய்யா சொன்னது வகுப்பறை. நான் பைலைப் பற்றிச் சொல்கிறேன், உங்கள் நேரத்தில் பாதி அங்கேதான் போகப்போகிறது.

தலைமையாசிரியராக இருந்து வருகிறவர்கள் முதல் சில மாதம் நாங்கள் கைகாட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள், அப்புறம் ஒரு நாள் ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டு, அதன்பிறகு எங்கள் யாரையும் நம்பாமல் எல்லாப் பைலையும் மேசையில் அடுக்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டுமே கெடுதல். வந்த வாரமே ஒவ்வொரு பிரிவு எழுத்தரிடமும் தன்பதிவேட்டை எடுத்து வரச்சொல்லி உட்கார வையுங்கள். எந்தத் தபால் எப்போது வந்தது, யாரிடம் தூங்குகிறது, எல்லாம் அதில் இருக்கும். பவானிசாகர் அரசு ஊழியர் பயிற்சி மையத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை நாங்களே பாதி மறந்துவிட்டோம், அதிகாரி கேட்டால் ஞாபகம் வரும். குறிப்பு எழுதி வந்தால் கடைசிப் பத்தியை மட்டும் படிக்காதீர்கள், கீழே இருக்கிற மூலக் கடிதத்தைப் படியுங்கள். ஒரு ஆசிரியர் கேட்டது மருத்துவ விடுப்பாக இருக்கும், எங்கள் குறிப்பில் அது 'தகவலின்றிப் பணிக்கு வராமை' ஆகியிருக்கும்.

ஒழுங்கு நடவடிக்கை விதிகளான 17(அ), 17(ஆ) இரண்டையும் கோபத்தில் தொடாதீர்கள். 17(அ) சிறு தண்டனைக்கு, 17(ஆ) பெருந்தண்டனைக்கு, இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் மீளாய்வுக் கூட்டத்தில் சூடாகி, "போடுங்க அவருக்கு 17 பி" என்று சொன்னவர்கள் உண்டு. அந்த ஆசிரியருக்குப் பதவி உயர்வும் ஓய்வும் வருகிற வரை அந்த ஒரு தாள் கூடவே போகும், விசாரணையும் முடியாது.

கோர்ட் கேஸ் தனி உலகம். பதிலுரை தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டால் அப்புறம் அவமதிப்பு வழக்கு, நீங்கள் சென்னைக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டியதுதான். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) வழக்கில் தீர்ப்புச் சொன்னதே, ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் மீதி இருக்கிறவர்கள் இரண்டாண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும், பதவி உயர்வுக்கும் அது வேண்டும் என்று. அன்றைக்கு எங்கள் ஆபீசுக்கு வந்த போன்களைப் பார்த்திருந்தால் தெரியும். எல்லோரும் கேட்டது ஒன்றுதான், "சார், என் வேலை இருக்குமா?" அந்த நேரத்தில் அதிகாரி என்ன தொனியில் பதில் சொன்னார் என்பதை ஆசிரியர்கள் ரொம்ப நாள் மறக்க மாட்டார்கள்.

கடைசியாக, தனியார் பள்ளிப் பிரிவு கிடைத்தால் அங்கீகாரப் புதுப்பிப்புப் பைல் வரும். கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம், நான்கு சான்றும் அழகாக இணைத்திருப்பார்கள். 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் போனார்கள், அந்த வழக்கில் கல்வி அலுவலர்களும் கூண்டில் நின்றார்கள். எனவே மாடிப்படியில் ஏறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் குறிப்பை நம்பி வேண்டாம், இதை நானே சொல்கிறேன்.

வேண்டாமென்றவன்

நான் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பதவி உயர்வைத் துறந்து எழுதிக் கொடுத்தவன். இங்கே எல்லோரும் போ போ என்கிறார்கள், மறுபக்கமும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா?

சம்பளத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. காலை எட்டு மணிக்கு ஒரு கூகுள் மீட், இரவு ஒன்பதுக்கு ஒன்று, நடுவில் "உடனடி, மிக அவசரம்" என்று விவரம் கேட்டு மேலிருந்து மெசேஜ், அதை அப்படியே தலைமையாசிரியர்கள் குழுவுக்குத் தள்ளிவிட வேண்டும். அதே விவரத்தை எமிஸில் ஏற்கெனவே ஏற்றியிருப்போம். நான் பள்ளியில் இருந்தால் ஒரு பாடவேளையாவது பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன், அங்கே போனால் அதுவும் போச்சு. 'வளர்ச்சி' என்றால் மேலே ஏறுவதுதான் என்று யார் சொன்னது?

அம்மாவின் ஆசையைக் கெடுக்க எழுதவில்லை. போவதென்றால் ஒரே ஒரு விண்ணப்பம்: மேலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் கீழே தள்ளாதீர்கள். ஆபீசிலேயே இருக்கிற விவரத்தை ஆபீசிலேயே எடுத்து அனுப்புகிற டி.இ.ஓ. ஒருவரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர் மாறுதலில் போனபோது பள்ளிக்கூடத்துப் பியூன்கள் வரை வழியனுப்ப வந்தார்கள்.

ஒன்று சி

மேடம், நான் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-சி எழுதி நேரடியாக டி.இ.ஓ. ஆக வந்தவன். உங்களுக்குப் பள்ளி தெரியும், எனக்கு அது தெரியாமல்தான் வந்தேன், அதனால் என் கோணம் கொஞ்சம் வேறு.

முதலில், எந்தப் பிரிவு கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. 2018-இல் தொடக்கக் கல்வி, இடைநிலை எல்லாவற்றையும் ஒரே டி.இ.ஓ.விடம் சேர்த்தார்கள், 2022-இல் மறுபடி பிரித்து தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளிகள் என்று மூன்று வகை டி.இ.ஓ. ஆக்கினார்கள். உயர்நிலைப் பள்ளியிலேயே இருந்த நீங்கள் தொடக்கக் கல்விக்குப் போனால் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்து எப்படி வருகிறது என்பதிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். இப்போதே பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் போய் எண்ணும் எழுத்தும் (அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கிற திட்டம்) வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். கற்றல் நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் (மலர்தான் மேல்நிலை) என்று பிள்ளைகளைப் பிரித்து ஒரே ஆசிரியர் மூன்று குழுவையும் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்த்தவர்களுக்கும், அறிக்கையில் மட்டும் படித்தவர்களுக்கும் மீளாய்வுக் கூட்டத்தில் பேச்சே வேறாக இருக்கும்.

எமிஸ் பற்றிக் கேட்டீர்கள். எதை நம்புவது என்பதைவிட எங்கே முதலில் போவது என்று தெரிந்துகொள்ள அது உதவும். ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் 'மலர்' என்று பதிவாகியிருந்தால் பாராட்டுச் சான்றிதழ் அச்சடிப்பதற்கு முன் நேரில் போய் இரண்டு பேரைப் படிக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் உண்மையாகவே படிப்பார்கள், அந்த ஆசிரியை எப்படிச் செய்தார் என்பதைக் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவளமையக் கூட்டத்தில் அவரையே பேச வையுங்கள். படிக்கவில்லை என்றால் அங்கேயே திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த மாதம் மாவட்டம் முழுக்க மலராகத்தான் இருக்கும்.

தயாராவதற்கு என்னிடம் ஒரு நேரடி யோசனை உண்டு. டி.இ.ஓ. பணியிடம் காலியானால் மூத்த தலைமையாசிரியர் ஒருவருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுப்பார்கள், எல்லோரும் தலைவலி என்று நழுவுவார்கள். நீங்கள் நழுவாமல் வாங்கிக்கொள்ளுங்கள். பொதுத் தேர்வில் வினாத்தாள் கட்டுக்காப்பு மையப் பொறுப்பும் அப்படித்தான். ராத்திரி போலீஸ்காரரோடும் பூட்டோடும் இருந்துவிட்டு விடியற்காலையில் வழித்தட அலுவலர்களிடம் கட்டுகளை எண்ணிக் கொடுக்கிற அந்த நாட்களில், உங்களுக்குக் கீழே இல்லாத ஆட்களிடம் எப்படி வேலை வாங்குவது என்பது கொஞ்சம் பிடிபடும். பள்ளியில் எல்லோரும் உங்கள் ஆட்கள். அங்கே வருவாய்த் துறை, காவல் துறை, பொதுப்பணித் துறை, ஊராட்சித் தலைவர், சங்கத் தலைவர், யாருக்கும் நீங்கள் மெமோ கொடுக்க முடியாது.

சங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் சொந்தச் சங்கத்துக்காரர்கள்தான் முதல் சோதனை. மாலையோடு வருவார்கள், மாலைக்குப் பின்னால் ஒரு மாறுதல் விண்ணப்பம் இருக்கும்.

சுண்ணக்கட்டி

எல்லோருக்கும் நன்றி. வேண்டாமென்றவன் சார், உங்கள் பதிலை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டவில்லை, அவர் கட்சி பலமாகிவிடும்.

அந்த நோட்டுப் பழக்கத்தைத் தலைமையாசிரியராக இருக்கும்போதே ஆரம்பிக்கிறேன், அதற்குப் பேனல் வர வேண்டிய அவசியமில்லை. ஒரே ஒரு சந்தேகம். நோட்டில் எழுதுவது நான் பார்த்தது மட்டும்தானே, எனக்கே தெரியாமல் நான் மாறினால்? அதிகாரியிடம் "நீங்க அன்னிக்குப் பேசினது சரியில்லை" என்று யார் வந்து சொல்வார்கள்? இப்போதே என் பள்ளியில் யாரும் சொல்வதில்லை.

பழைய ஜீப்

சரியான கேள்வி. வேலையில் இருக்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள், எதிர்பார்க்கவும் கூடாது. ஓய்வுபெறுகிற தலைமையாசிரியர்களிடம் கேளுங்கள். பிரிவு உபசார விழாவுக்குப் போனால் பொன்னாடை போர்த்திவிட்டுக் கிளம்பிவிடாமல் தனியாக ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள். அவர்களுக்கு இனி உங்களிடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை, மனதில் இருப்பதைக் கொட்டிவிடுவார்கள்.

தன்பதிவேடு

அய்யா, ஒரு சிறு திருத்தம். பென்ஷன் கருத்துரு எங்கள் ஆபீசிலிருந்து போன பிறகு கேட்கச் சொல்லுங்கள். அதுவரை அவர்களும் உங்களைப் புகழ்ந்துதான் பேசுவார்கள்.