நத்தை தொடாத செடி எது? உங்கள் தோட்டத்தில் கண்டதைச் சொல்லுங்கள்

ஹாரோ, லண்டன்:
இங்கே மே மாத மழை விட்ட இரவில் டார்ச்சோடு தோட்டத்துக்குப் போனால், டேலியா முளையின் மேல் ஓடில்லாத நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். விடிந்தால் காம்பும், அதைச் சுற்றிக் காய்ந்த வெள்ளிக் கோடும்தான் மிச்சம். நத்தையைக் கொல்லும் மெட்டல்டிஹைடு குளிகைகளைத் தோட்டத்தில் போடுவதற்கு 2022 முதல் பிரிட்டனில் தடை. நத்தையைத் தடுக்கச் செடியைச் சுற்றிப் போடும் செப்பு நாடா, முட்டை ஓடு, சரளைக் கல் ஆகியவற்றை ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி என்ற பிரிட்டிஷ் தோட்டக்கலைச் சங்கம் லெட்யூஸ் கீரையில் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டது: தடுப்பு போட்ட செடிக்கும் போடாத செடிக்கும் சேதத்தில் வித்தியாசம் இல்லை. இனி செடியை மாற்றுவதுதான் வழி என்று முடிவு செய்தேன்.

இப்போது நர்சரிக்குப் போனால் பூவைப் பார்ப்பதற்கு முன் இலையை விரலால் தடவிப் பார்க்கிறேன். நத்தையின் நாக்கில் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் உண்டு. தேங்காய் துருவுவதுபோல இலையைச் சுரண்டித் தின்கிறது. சுரண்டச் சிரமமான இலை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ரோஸ்மேரி, லாவெண்டர், பெரணி மூன்றும் என்னிடம் முழுசாக நிற்கின்றன. காட்டு ஜெரேனியத்தையும் சீண்டவில்லை. ஃபாக்ஸ்குளோவும் தப்பியது, ஆனால் அது விஷச்செடி, குழந்தைகள் இருக்கும் வீட்டில் யோசித்து வையுங்கள். ஹோஸ்டா நத்தைக்கு விருந்துதான். அதிலும் நீலம் பாய்ந்த தடித்த இலை ரகங்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன.

வாசனை இருந்தால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பேசிலுக்கு மணத்தில் என்ன குறை? முதலில் காலியாவது அதுதான்.

ஈஸ்ட் ஹாம், லண்டன்:
பூச்செடி சரி, பீன்ஸுக்கு என்ன செய்வது? நத்தை தொடாது என்று எழுதியிருக்கும் செடிகளிலும் பல, வளர்ந்த பிறகுதான் அப்படி. நாற்றுப் பருவத்தில் எதையும் விட்டுவைக்காது. பீன்ஸை ஜன்னலோரம் தொட்டியில் வளர்த்து, தண்டு முறுக்கேறிய பிறகே தரையில் நடுகிறேன். வெங்காயம், பூண்டுப் பாத்தி பக்கம் அவ்வளவாக வருவதில்லை. தண்ணீர் எப்போதும் காலையில்தான். மாலையில் ஊற்றி மண்ணை ஈரமாக வைத்தால் நாமே வரவேற்பதாகிவிடும்.

சென்னை, மாடித்தோட்டம்:
எங்களுக்குச் சீசன் வடகிழக்குப் பருவமழை. வளர்ப்புப் பையைத் தூக்கினால் அடியில் ஓடில்லாத நத்தை தட்டையாக, கறுப்பாக, தோல் துண்டுபோல ஒட்டிக்கிடக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனமாம். உப்புப் போடச் சொன்னார்கள். உப்பு இறங்கிய மண்ணில் பிறகு எதை வளர்ப்பது? இரவில் கையுறை போட்டுப் பொறுக்கிவிடுகிறேன்.

செண்டுமல்லி நாற்றைக் குருத்தோடு மேய்ந்துவிட்டது. பக்கத்துத் தொட்டியில் இருந்த கற்பூரவள்ளியில் ஓர் ஓட்டைகூட இல்லை. தடித்த இலை, மேலெல்லாம் மென்முடி, கசக்கினால் மூக்கில் ஏறும் காரம். இட்லிப்பூச் செடியும் அப்படியே இருக்கிறது, அதன் இலை விறைப்பானது. ஹாரோ நண்பர் சொன்ன லாவெண்டரையும் வைத்துப் பார்த்தேன். எங்கள் ஐப்பசி மழையில் அது வேரோடு அழுகிவிட்டது. நத்தைக்கு வேலையே வைக்கவில்லை.