நித்தியத்துக்காக வாழ்பவர் ஒருவரைக் கிட்டத்தில் பார்த்ததுண்டா?

சகோதரி, வேலூர் பக்கம்:

போன ஞாயிறு பிரசங்கம் முழுக்க நித்திய நோக்கத்தோடு வாழ்வது பற்றித்தான். எனக்கு என்னவோ ஒரு நீல பிளாஸ்டிக் பேசின்தான் கண்முன் வந்தது.

கல்லூரி நாட்களில் வாலிபர் ஐக்கியத்தோடு கிறிஸ்துமஸுக்கு ஒரு தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போவோம். கேரல் பாடி, கேக்கும் போர்வையும் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் வேன் ஏறிவிடுவோம். ஒரு வருஷம் வேன் பஞ்சர். அப்போதுதான் எங்கள் சபைப் பெரியம்மா ஒருவரை அங்கே பார்த்தேன். கடைசி பெஞ்சில் உட்காருகிறவர், நான் பேசியதே இல்லை. தரையில் உட்கார்ந்து ஒரு தாத்தாவின் காலைத் தண்ணீரில் வைத்திருந்தார்.

"இருபது நிமிஷம் ஊறணும்மா. முள்ளு குத்தினாலும் இவருக்குத் தெரியாது."

ஊறியதும் தடித்த தோலைப் பதமாகச் சுரண்டி, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவினார். விரலிடுக்கெல்லாம் பார்த்தார். அவருடைய எம்.சி.ஆர். செருப்புக்குள் (உணர்ச்சியற்ற காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) கல், முள் இருக்கிறதா என்று கைவிட்டுத் துழாவினார். தாத்தாவுக்கு நோய் எப்போதோ குணமாகிவிட்டது. கூட்டு மருந்தில் கிருமி போய்விடும், செத்த நரம்பு திரும்பாது. விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் படுகிற காயங்களால்தான் தேய்கின்றன என்பதை 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். இதெல்லாம் நான் பிறகு படித்தது. பெரியம்மா படித்திருப்பாரா, தெரியாது. பதினொரு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் வருகிறாராம்.

"சபையில் சாட்சி சொல்லியிருக்கலாமே பெரியம்மா?"

"கால் அவரோடது. அதைப் பத்தி நான் மைக்குல பேசணுமா?"

அன்று நானும் ஒரு காலைப் பிடித்தேன். குமட்டியது. மறைக்கப் பார்த்தேன், தாத்தா கண்டுகொண்டார். "பழகிடும் பாப்பா" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

சகோதரர், கன்னியாகுமரி மாவட்டம்:

அக்கா, போட்டோவை ரொம்பத் திட்டாதீங்க. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மணக்குடிப் பாலத்தையே சுனாமி அலை அடித்துக்கொண்டு போன நாள். போட்டோவைப் பார்த்துத்தான் எங்களுக்கு லாரி லாரியாகச் சாமான் வந்தது. கூடவே பழைய துணியும் மலையாகக் குவிந்தது, ஒருவரும் தொடவில்லை! இரண்டு மாதத்தில் லாரி நின்றது. அதற்குப் பிறகும் வந்தவர் ஒரு கன்னியாஸ்திரி மட்டும்தான். பிள்ளையைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டு அக்காவோடு திண்ணையில் உட்காருவார். ஜெபம்கூட வாய்விட்டுச் செய்ய மாட்டார். சில நாள் இருவரும் சேர்ந்து மீன் கழுவுவார்கள், அவ்வளவுதான்.

சகோதரி, நெல்லை:

படுத்த படுக்கையான என் அம்மா, "இனி நான் யாருக்கு என்ன செய்ய?" என்று அழுதபோது டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிச் சொன்னேன். 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தவர். அங்கிருந்தே எழுதினார், பிள்ளைகளை விசாரித்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றாராம். அந்த இடத்தில் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் செல்போனை வாங்கி, தெருவில் தனியாக இருக்கும் டீச்சரம்மாவுக்குப் போட்டு, "சாப்ட்டீங்களா?" என்றார். இப்போது தினமும் ஏழெட்டுப் பேருக்கு. பில் என் தலையில்.

சகோதரர், சென்னை:

ஆபீஸில் ஒரு நண்பர் கேட்டார்: "இதெல்லாம் மோட்சத்துல சீட்டுப் பிடிக்கத்தானே? இல்லேன்னா மதம் மாத்த?" எனக்குப் பதில் வரவில்லை. முதல் கேள்வியில் கொஞ்சம் உண்மை இருப்பதாகவும் பட்டது.

சகோதரி, வேலூர் பக்கம்:

தம்பி, கிட்டத்தட்ட அதையே நானும் பெரியம்மாவிடம் கேட்டேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "அங்க போனா அவரு கால் நல்லா இருக்கும். அதுவரைக்கும் யாராவது பாத்துக்கணும்ல?" என்றார். இப்போது அவருக்கே முட்டி வலி, தரையில் உட்கார முடிவதில்லை. பேசின் என் வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்புவேன், வேனில் இரண்டு பேருக்கு இடமிருக்கிறது. பழைய துணி மட்டும் கொண்டுவர வேண்டாம்.