புதுப்பிப்பு: மெல்லிய மரமயிலும் அதன் கொக்கியும்

போன மாதம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தேன். 4 மி.மீ. பிளைவுட்டில் அறுத்துச் செய்த மயிலைச் சுவரில் மாட்ட வேண்டும், பின்னால் திருகு போட்டால் முனை முன்பக்கம் எட்டிப் பார்க்கிறது, என்ன வழி என்று. பின்னால் கனமான மரத்துண்டு ஒன்றை ஒட்டி, அதில் திருகைப் போடச் சொன்னீர்கள்.

முதலில் சோம்பல்பட்டு, கொக்கித் தகட்டை சூப்பர் க்ளூவில் ஒட்டினேன். மூன்றாம் நாள் இரவு 'டமார்'. தோகையில் இரண்டு இறகு போச்சு. தகடு மட்டும் ஆணியிலேயே தொங்கியது. அதன் முதுகில் வார்னிஷ் தோலாக உரிந்து வந்திருந்தது. பசை பிடித்தது மரத்தை அல்ல, வார்னிஷை.

சரி என்று நீங்கள் சொன்ன வழிக்கே வந்தேன். தீப்பெட்டி அளவில், 12 மி.மீ. கனத்தில் ஒரு தேக்குத் துண்டு. ஒட்டும் இடத்தில் வார்னிஷ் போக உப்புத்தாளால் தேய்த்து, ஃபெவிகால் தடவி, மயிலின் பின்பக்கம் மேலே ஒட்டி, கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) போட்டு ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. கிளாம்ப்புக்கு அடியில் அட்டை வையுங்கள், இல்லையென்றால் முன்பக்கம் பள்ளம் விழும். அப்புறம் அந்தத் துண்டில் 10 மி.மீ. திருகால் கொக்கி.

மாட்டினால் மயில் முன்னால் சாய்ந்து தரையைப் பார்த்தது! கீழேயும் அதே கனத்தில் ஒரு துண்டு ஒட்டியதும் நிமிர்ந்துவிட்டது.

பிளைவுட் இல்லாமல் முழுமரம் என்றால், துண்டின் ரேகையும் (மரத்தில் ஓடும் இழைக் கோடு) பலகையின் ரேகையும் ஒரே திசையில் ஓடட்டும். மழைக்காலத்தில் மரம் ரேகைக்குக் குறுக்கேதான் உப்பும்.

இரண்டு வாரமாகத் தொங்குகிறது. உடைந்த இறகுகளை ஒட்டிவிட்டேன். கிட்டப் போனால்தான் தெரியும்.