[கலைச்சொல்] கூடத்துக்குள் பிற்பாடு போட்ட தளம்: என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களுக்கு வணக்கம். கட்டடக்கலைப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். இங்கிலாந்தின் கென்ட், சசெக்ஸ் பண்ணை வீடுகளைப் பற்றிய இயலில் ஒரு சொல் மல்லுக்கு நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அவ்வீடுகளின் நடுக்கூடம் தரையிலிருந்து மோட்டுவளை வரை ஒரே வெளி. புகைபோக்கி கிடையாது. தரை நடுவே தீ எரியும். கூரை இடுக்கிலும் கண்ணாடியில்லாத சன்னலிலும் புகை வெளியேறும். 16ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி பரவியது. புகைத்தொல்லை ஒழிந்ததும் கூடத்தின் பாதி உயரத்தில் உத்தரம் போட்டு, பலகை பாவி, மேலே அறைகள் எடுத்தார்கள். இந்த ‘இன்செர்ட்டட் ஃப்ளோர்’ என்பதைச் ‘செருகுதளம்’ என்று எழுதியிருக்கிறேன். தகுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
செருகுதளம் வினைத்தொகை. செருகிய, செருகுகின்ற, செருகும் என முக்காலமும் அதில் ஒளிந்திருக்கிறது. வேண்டும்போது இழுத்துச் செருகும் பலகை என்றே மாணவன் நினைப்பான். ஆயத்தமாக ஒரு சொல் நம்மிடம் இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? ஏட்டில் பின்வந்தவன் புகுத்தியது இடைச்செருகல். வீட்டில் புகுத்தியதும் அதுவே. ‘இடைச்செருகல் தளம்’ என்க.

மரபுக் கட்டடப் பணியில் இருப்பவர்:
ஐயா, சொல் அழகு. அதன் வாடைதான் இடிக்கிறது. இடைச்செருகல் என்றாலே களைய வேண்டியது என்று பொருளாகிவிடும். சசெக்ஸில் கிரேட் டிக்ஸ்டர் என்ற வீட்டில் அதுதான் நடந்தது. பின்னாளில் புதுதில்லியை வடிவமைத்த லட்யன்ஸ், 1910இல் அந்த வீட்டைச் சீரமைக்க வந்தபோது, கூடத்துக்குள் இருந்த பிற்காலத் தளங்களைப் பிரித்தெடுத்து மறுபடி மோடு வரை திறந்துவிட்டார். போதாததற்குக் கென்ட்டிலிருந்து இன்னொரு பழைய மரவீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து பக்கத்தில் ஒட்டினார்! பழையதைச் சுரண்டாதீர்கள், எல்லாக் காலத்துப் படிவும் வரலாறே என்று கவிஞரும் கைவினை வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877இல் சங்கமே தொடங்கியிருந்தார், யார் கேட்டது?

அந்தத் தளம் அந்த வீட்டின் வளர்ச்சி, பிழை அல்ல. தன் ஊரில் புகைபோக்கிகள் பெருகிவிட்டதைக் கிழவர்கள் வியந்து பேசியதாக 1577இலேயே வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் எழுதினார். இப்படி நாட்டுப்புறம் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட காலத்தை 1570–1640 என்று வரலாற்றாசிரியர் ஹாஸ்கின்ஸ் வரையறுத்தார். சான்று வேண்டுமென்றால் பரணுக்கு ஏறினால் போதும்: கீழே வெள்ளையடித்த அறை, மேலே கைமரங்கள் முழுக்க அந்நாளைய தரைத்தீயின் அட்டக்கரி. நம் விறகடுப்பு வீட்டுக் கூரைதான்.

சொல்லாராய்ச்சி அன்பர்:
‘இடைமச்சு’ போதுமே. மச்சுவீடு ஊரறிந்த சொல். மஞ்சு என்றால் மேகம். மேகத்தைப் போல் தலைக்கு மேல் நிற்பதால் மஞ்சு, மச்சாகத் திரிந்திருக்கலாம் என்பது என் ஊகம். மஞ்ஞை என்னும் மயிலும் இவ்வேராக இருக்கலாம்...

தனித்தமிழ் அன்பர்:
மயிலை விடுங்கள். மச்சு ‘மஞ்ச’ என்னும் வடசொல்லின் திரிபு என்பார்கள். ‘இடைமாடம்’ இருக்க அது எதற்கு?

மரபுக் கட்டடப் பணியில் இருப்பவர்:
மாடம் என்றால் மாணவனுக்கு விளக்கு வைக்கும் பிறைதான் நினைவுக்கு வரும். எங்கள் தச்சர்களிடம் மச்சு என்றால் மறுகேள்வி வராது.

மொழிபெயர்ப்பாளர்:
நாளை வெள்ளி. இருவர் இடைமச்சுப் பக்கம் நிற்கிறார்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ‘பின்னாளில் போட்ட இடைமச்சு’ என முதலிடத்தில் விரித்தெழுதி, பிறகு இடைமச்சு என்றே தொடர்கிறேன். புகைபோக்கியா புகைக்கூண்டா என்று தயவுசெய்து யாரும் தொடங்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பெரும்பான்மைக்கு வணக்கம். என் மாறுபாட்டையும் பதிந்துவைக்கவும். லட்யன்ஸ் கரி பிடித்த கைமரத்தைப் பார்த்துத் தளத்தைப் பிரித்தாரே தவிர, தமிழ் அகராதியைப் பார்த்தல்ல.