புதுப்பிப்பு: குவார் கெப்பா புள்ளிகள் ஏன் தள்ளி விழுகின்றன?

பினாங்கு மாநிலத்தின் குவார் கெப்பா தொல்லியல் தளத்தின் பழைய அகழாய்வுப் பதிவேட்டை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றும் முறை பற்றிய என் முந்தைய இழையில், புள்ளிகள் 100 மீட்டருக்கு மேல் நகர்வதாகப் பினாங்கு நண்பர்கள் கேட்டிருந்தீர்கள். டேட்டம்தான் காரணம், அதாவது ஆயங்களை எந்த அடிப்படையிலிருந்து அளக்கிறோம் என்பது. மலாயாவின் பழைய கெர்தாவ் டேட்டத்திலிருந்து, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாற, X, Y, Z அச்சுகளில் முறையே −11, 851, 5 மீட்டர் மாற்றத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். மென்பொருள் சில சமயம் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பழைய வரைபடத்தின் ஓரக் குறிப்பில், கட்டத்தின் அலகு மீட்டரா, கெஜமா, செயினா (நில அளவைச் சங்கிலி) என்றும் பாருங்கள். பழைய வரைபடத்தை இன்றைய இடத்தோடு பொருத்தும் கட்டுப்பாட்டுப் புள்ளிக்கு ரயில் பாலம், நில அளவைக் கல் சரி. சுங்கை மூடா ஆற்றின் முகத்துவாரம் வேண்டாம், மண் படிந்து இடம் மாறும்.

1934-இல் டச்சுத் தொல்லியலாளர் காலன்ஃபெல்ஸ் அங்கே தோண்டிய எலும்புகள் நெதர்லாந்தின் லைடனுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றின் அடையாளச் சீட்டில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் ஒற்றைப் புள்ளி வைக்காதீர்கள். அங்கே இருந்தவை மூன்று சிப்பி மேடுகள் (பழங்கால மக்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகளின் குவியல்கள்); மூன்றையும் அடக்கும் வட்டம் போட்டு, அதன் ஆரத்தை அட்டவணையில் தனி நெடுவரிசையில் எழுதுங்கள்.