வயரிங் பொடியங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி, யாராவது உதவ முடியுமா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் வீட்டு வயரிங்கும் கிணற்று மோட்டர் வேலையும் செய்கிற பொடியங்கள் சிலருக்கு மின் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று ஒழுங்கு செய்ய வேண்டும். வேலை நன்றாகத் தெரிந்தவர்கள்தான், ஆனால் டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று கையை வைத்துவிடுகிறார்கள். மெயினை நிறுத்திப் பூட்டுப் போடுவது, மீட்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் வயரில் பார்த்து, திரும்பவும் கரண்ட் உள்ள இடத்தில் பார்ப்பது, இதெல்லாம் கையால் செய்து பழக வேண்டும்.

அப்புறம் எர்த். ஆடி, ஆவணியில் நிலம் காய்ந்தால் எர்த் கம்பியின் தடை ஏறிவிடும். கரண்ட் கசிந்தால் தானாக லைனை வெட்டுகிற 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனால் அது தெரியவே வராது (அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை, சொன்னால் பலர் நம்புவதில்லை).

தமிழில் சொல்லித்தரக்கூடிய, என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) தகுதியுள்ள ஆள் யாரையாவது தெரியுமா? கிளிநொச்சியில் இருந்தோ வவுனியாவில் இருந்தோ வந்தால் பஸ் செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. ஸ்லைடு போட்டு வாசித்துவிட்டுப் போகிறவர் மட்டும் வேண்டாம். எர்த் டெஸ்டர் ஒன்று இரவல் தரக்கூடியவர்களும் இன்பொக்ஸில் சொல்லுங்கள். ஞாயிறு என்றால் வசதி.