அரசு வழக்கறிஞர்களின் வெட்டிங் (பின்னணிச் சரிபார்ப்பு) ஃபைல்: கிளார்க்குக்கு என்ன பொறுப்பு?

சாட்ஸ்வொர்த் அம்மா:
மகளுக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் அரசு வழக்கறிஞர்கள் அலுவலகம் ஒன்றில் கிளார்க் வேலை கிடைத்திருக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்களின் வெட்டிங் ஃபைல் இவள் மேஜைக்குத்தான் வருமாம். "யார் யோக்கியன்னு சொல்ல நான் யாரும்மா?" என்று பயப்படுகிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

பீனிக்ஸ் தாத்தா (ஓய்வு):
தங்கச்சி, யோக்கியதையை அவள் எடை போடவே வேண்டாம். கிளியரன்ஸ் (பாதுகாப்பு அனுமதி) தருவதும் மறுப்பதும் உளவுத்துறை பாடு. இவள் வேலை அதற்கு நிரப்பிக் கொடுக்கிற இசட் 204 படிவத்தில் ஒரு கட்டம்கூட காலியில்லாமல் பார்ப்பது, கைரேகை, பட்டம், பழைய வழக்கு எல்லாவற்றுக்கும் பதில் வந்ததா என்று துரத்துவது.

நம்ம பெண்கள் ஃபைல்தான் அதிகம் இழுக்கும். பட்டத்தில் அப்பா வீட்டுப் பெயர் கவுண்டன், அடையாள அட்டையில் புருஷன் பெயர் நாயுடு. கல்யாணச் சான்றிதழை நடுவில் வைக்காவிட்டால் ஃபைல் திரும்பி வந்துவிடும்.

என் காலத்தில் ஒரு பெரிய அதிகாரி "ஒருத்தர் ஃபைலில் இருந்து இந்தத் தாளை இப்போதைக்கு எடுத்து வை" என்றார். "எழுதிக் கொடுங்க ஐயா, எடுத்துடறேன்" என்றேன். அப்புறம் அவர் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

தாளுக்கு எவ்வளவு பலம் என்று சிமெலானே வழக்கைப் பாருங்கள். 2009-ல் அப்போதைய அதிபர் ஜூமா அவரை அரசு வழக்கறிஞர்களின் தேசிய இயக்குநராக நியமித்தார். சிமெலானே சாட்சியம் சொன்ன விதத்தை, முன்பிருந்த இயக்குநரின் தகுதியை ஆராய்ந்த கின்வாலா விசாரணையின் அறிக்கை அதற்கு முந்தைய ஆண்டே கடுமையாகக் கண்டித்திருந்தது. அதைக் கண்டுகொள்ளாமல் போட்ட நியமனம் செல்லாது என்று 2012 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறிக்கை தொலையவில்லை, பார்க்கவேண்டியவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

லெனேசியா குமார்:
தாத்தா சொல்வது சரி. நக்ஸசானா 2013-ல் அதே தேசிய இயக்குநர் பதவிக்கு வந்தார், கிளியரன்ஸ் தகராறு அதற்கப்புறம்தான் வெடித்தது. நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஃபைலைத் திறந்தால் இப்படித்தான். 2018-ல் அதே பதவிக்கு நம்ம டர்பன் பட்டோஹி தேர்வான நேர்காணல் ஊடகங்களுக்கு முன்னால் நடந்தது, அது எவ்வளவோ தேவலை.

சாட்ஸ்வொர்த் அம்மா:
நன்றி. இன்னொன்று. கோயிலில், கல்யாணத்தில் யாராவது "என் பையன் ஃபைல் எங்க நிக்குது?" என்று கேட்டால்?

பீனிக்ஸ் தாத்தா (ஓய்வு):
கேட்பார்கள், காவடி அன்றைக்கே கேட்பார்கள்! "ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்க மாமா" என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். சொந்தக்காரர் ஃபைலே வந்தால் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் எழுத்தில் கொடுத்து, வேறு ஆளுக்கு மாற்றச் சொல்லுங்கள். நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும்.